பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

ஆனைமலை எஸ்டேட்டுகளில் கழித்துவிட்ட பழைய ஜீப்புகளை வாங்கி, மறுபடி ஓட வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தை பிறந்து பத்து நாள் ஆகிறது. காலையில் மூடிக்கிடக்கும் பனி பத்து மணிக்குள் விலகி, வால்பாறையில் இப்போது வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இரும்போடு மல்லுக்கட்டுகிற நமக்கு ஆண்டில் கிடைக்கும் நல்ல காலம் இதுதான். இன்னும் இரண்டரை மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். போன வாரம் ஆழியாற்றிலிருந்து மேலே வந்தபோது, 40 கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஊருக்குள் நுழைவதற்குள் மூன்று ஜீப்புகளைப் பார்த்தேன். மூன்றும் ரெட் ஆக்சைடு பூசிச் செக்கச்செவேலென்று வானம் பார்த்து நின்றன. ஒன்றின் மேல் நீலத் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு அக்கறை இருந்தால் அப்படிக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தார்ப்பாய்க்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். நானும் அப்படிக் கட்டியவன்தான்.

என் அப்பா எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குத் துரையை ஏற்றிப் போவார். திரும்பும் வழியில் ஃபீல்டுக்கு உர மூட்டை ஏற்றுவார். ராத்திரி லைன் வீட்டில் யாருக்காவது பிரசவ வலி வந்துவிட்டால் அதே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். எங்கள் லைனில் என் வயதுப் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த ஜீப்பிலேயே பிறந்தவர்கள். அதனால், எஸ்டேட்டில் கழித்துப்போட்ட அந்த ஜீப்பை 1998-ல் ஏலத்தில் எடுத்தபோது, வண்டி வாங்கியதாகவே எனக்குத் தோன்றவில்லை. வீட்டு ஆளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தது போலிருந்தது. சித்திரையில் எடுத்தேன். பொறுமை இல்லை. துரு தெரிந்த இடத்தையெல்லாம் கிரைண்டர் வைத்துத் தேய்த்தேன், ஓட்டை விழுந்த இடத்தில் மேலேயே தகடு வைத்து வெல்டு அடித்தேன், பள்ளங்களைப் பட்டி போட்டு நிரப்பினேன். ஆனி முதல் வாரம், வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, கொட்டகைக்குள் வைத்துப் பச்சை பெயின்ட் அடித்து முடித்தேன். ஊரே வந்து பார்த்தது.

அடுத்த ஆடியில் மட்கார்டு ஓரத்தில் அம்மை போட்டதுபோலக் கொப்புளம் எழும்பியது. கார்த்திகைக்குள் ஏறும் பக்கத்துப் பட்டி பாளம் பாளமாக விட்டுப்போனது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரிய டிங்கரை அழைத்து வந்தேன். அவர் சுத்தியலைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய திருப்புளியை எடுத்து, நான் ஒட்டுப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மெல்லக் குத்தினார். அப்பளத்தில் குத்துவதுபோல இறங்கியது. வெளியே எடுத்ததும் காவி நிறத் தண்ணீர் ஒழுகியது. "சட்டையப் போட்டு உட்டுட்டீங்க கண்ணு, குளிக்க வெக்கவே இல்லியே" என்றார். அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளத்தான் இத்தனை ஆண்டு எனக்குப் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆண்டு பிடிக்க வேண்டாம்.

நீங்கள் வாங்கியிருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது உயரமான பானெட் வைத்த சி.ஜே.3பி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்பின் நேர் வாரிசு. 1953-ல் வில்லிஸ் புதிய இன்ஜினைப் பொருத்தியபோது, காற்றை உள்ளே விடும் வால்வுகள் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறின. இன்ஜின் உயரமாகிவிட்டது, பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. முகம் நீண்டு, கண் இரண்டும் கீழே இறங்கியதுபோல் இருக்கும் அந்தத் தோற்றம் வந்தது இப்படித்தான். 1968-ல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்ற பிறகும் மகிந்திரா அதையே பல ஆண்டு செய்துகொண்டிருந்தது. பிறகு பெஜோ டீசல் இன்ஜின் வைத்த எம்.எம்.540 வந்தது. எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்: உடம்பு முழுக்க இரும்புத் தகடு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் இருந்து சந்தக்பூ மலைக்கு இன்றும் ஏறுகிற பழைய லேண்ட் ரோவர்களுக்கு வெளித்தகடு அலுமினியக் கலவை. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்கு ரேஷன் இருந்ததால் அப்படிச் செய்தார்கள். அவற்றில் துரு சேசிஸில்தான் பெரிதாக உட்காரும். நம் ஜீப்பில் அது உட்காராத இடமே இல்லை.

அதிலும் எஸ்டேட் ஜீப்புக்கு ஒரு தனி நோய் உண்டு. கடலோரத்து வண்டிதான் உப்பில் கெடும், மலை வண்டி மழையில் மட்டும்தான் கெடும் என்று நினைக்கிறோம். அப்பா ஏற்றிய மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உப்புக்கு அண்ணன் தம்பி. அமோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. மூட்டை கிழிந்து சிந்திய உரம் பின்பக்க இருக்கைப் பெட்டிக்கு அடியிலும், தரைத் தகடு மடிகிற மூலைகளிலும், டெயில்கேட் கீல்களிலும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆண்டுக்கணக்காகக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே கிடக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினாலே எஃகு வேகமாகத் துருப்பிடிக்கும். தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு நமக்குக் கூப்பிடு தூரம். இங்கே அறுபதுக்குக் கீழே இறங்குகிற நாட்களை எண்ணிவிடலாம். அதோடு உப்பும் சேர்ந்தால் மழை பெய்ய வேண்டியதே இல்லை, பனியே போதும்.

அதனால் கிரைண்டரை எடுக்காதீர்கள். முதலில் கழுவுங்கள். பெரியவர் குளிக்க வைக்கச் சொன்னது அதைத்தான். இருக்கை, தரை விரிப்பு, ரப்பர் மேட்டு, பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நல்ல அழுத்தமுள்ள குழாய்த் தண்ணீரால் வண்டியின் வயிற்றை, மடிப்புகளை, சேசிஸின் உட்புறத்தைக் கழுவுங்கள். துரு தின்ற குழிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெயிலில் காயவிட்டு ஓர் இரவு சும்மா விடுங்கள். காலையில் வந்து பாருங்கள். சுற்றுப்புறம் காய்ந்திருக்க, சில குழிகள் மட்டும் கறுத்து வியர்த்திருக்கும். அங்கே இன்னும் உப்பு இருக்கிறது. மறுபடி கழுவுங்கள். நான் இப்போது செய்துகொண்டிருக்கும் வண்டியின் பின்பக்கத் தரையை ஏழு முறை கழுவினேன். கிரைண்டர் உப்பை எடுக்காது. குழிக்குள் அழுத்தி, மேலே பளபளப்பாக்கி, நம்மை ஏமாற்றிவிடும். அதன் மேல் பூசுகிற எந்தப் பெயின்ட்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், உப்பு இழுக்கிற ஈரத்தால் உள்ளிருந்து கொப்பளிக்கும். என் பச்சை ஜீப்புக்கு அம்மை போட்டது அப்படித்தான்.

கழுவி முடித்த பிறகு திருப்புளியோடு வண்டிக்குக் கீழே படுங்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், கெட்டது சொத்தென்று அடங்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்க். அதைத் தூக்கிவிட்டு அடியில் உள்ள பள்ளத்தைப் பார்க்காமல் யாரும் ஜீப்பின் விலை பேசக்கூடாது. சேறும் இலைச் சருகும் அங்கே புதைந்து, ஈரத் துணி சுற்றியதுபோல் தகட்டை அணைத்துக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத அந்த ஈரத்துக்குள்தான் இரும்பு விரைவாகக் கரையும். திறந்து கிடக்கிற பக்கம் மேலோட்டமாகச் சிவந்திருக்கும், சேற்றுக்கு அடியில் சல்லடையாகியிருக்கும்.

அடுத்து, தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவ வலுத்தகடுகள். வாய்க்கால்போல் இருப்பதால் உள்ளே போன தண்ணீர் தேங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. போர்க்கால ஜீப்பாக இருந்தால் அதற்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு. ரப்பர் வெடித்த நாளிலிருந்து அங்கே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளும் சேசிஸும் சேரும் இடத்தைத் தட்டும்போது மட்டும் அவசரமே கூடாது. இரண்டு தகடு ஒட்டியிருக்கும் இடங்களில் நடுவே துரு ஊறி உப்பித் தகடுகளைப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், ரிவிட்டையே பிடுங்கிவிடும் பலம் அதற்கு உண்டு. இந்த இடத்தில் சந்தேகம் இருந்தால் நீங்களே வெல்டு அடிக்க வேண்டாம். சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த வண்டி 40 வளைவில் இறங்கப்போகிறது, பின்னால் உங்கள் வீட்டார் உட்காரப்போகிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டையையும் சாக்பீஸால் வட்டமிட்டு, நோட்டில் படம் வரைந்து வையுங்கள். மனம் உடைகிற வேலைதான். என்னிடம் வந்த ஒரு தங்கை, பின்பக்கத் தரையில் முப்பத்தொரு வட்டம் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். இன்று அவளுடைய ஜீப் ஓடுகிறது.

இனி ஒட்டுப் போடும் வேலை. துருப்பிடித்த இடத்தின் மேலேயே புதுத் தகடு வைத்து மூடாதீர்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே தாள் அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை, அதையும் தாண்டி ஓர் அங்குலம், பழையதை வெட்டி எடுங்கள். அட்டையில் அச்சு எடுத்து, அதே அளவில் 18 கேஜ் தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருத்தி மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடியுங்கள். ஒரே கோட்டில் இழுத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவே ஒரு டீ. வெல்டு அடித்த இடத்தின் பின்பக்கத்தில் பெயின்ட் எரிந்து வெறும் இரும்பாக நிற்கும், அதை மறந்துவிட்டால் அடுத்த துரு அங்கேதான் தொடங்கும். டாங்க்கை மட்டும் வெல்டு அடிக்கவே அடிக்காதீர்கள். காலி டாங்க்கில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் ஆவி ஆளைக் கொல்லும்.

பட்டி பற்றி. நூலளவு மேடு பள்ளத்தைச் சமன் செய்ய அது நல்ல பொருள். ஓட்டை அடைக்க அல்ல. அதற்குள் இருக்கும் மாவு ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் பட்டி போடாமல், முதலில் எபாக்சி பிரைமர், அது காய்ந்த பிறகு மெல்லிய பட்டி, அதன் மேல் மறுபடி பிரைமர் என்று போனால் நம் ஊர் மழையைத் தாங்குகிறது. மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டாம். கோயம்புத்தூரில் பத்து ஆண்டு நிற்கிற வேலை இங்கே இரண்டு ஆடியில் விட்டுப்போகும்.

புது பாடி ஒன்றைத் தட்டி வாங்கி, பழைய சேசிஸில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். முடியாதென்று இல்லை. ஆனால் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் தனிப் பதிவு முறை வந்திருக்கிறது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு வரும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டி ஆகாது. அந்தப் பதிவு வேண்டுமென்றால் சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டி 50-ஐத் தாண்டியதாக இருந்தால், முப்பத்தொரு ஒட்டுப் போட்ட பழைய கூடுதான் புதுக் கூட்டைவிட மதிப்பு. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். அங்கே கையால் மட்டும், உப்புத்தாளால் மட்டும். சட்டத்தை விட்டுவிட்டுச் சொன்னாலும் என் மனம் பழைய கூட்டோடுதான். எங்கள் அப்பா குதிகால் ஊன்றி ஊன்றித் தேய்ந்த பள்ளம் ஆக்சிலேட்டருக்குக் கீழே இருக்கிறது. அந்தத் தகட்டில் துரு இருந்தது. துருவை எடுத்தேன், பள்ளத்தை விட்டுவிட்டேன்.

கீல், கொண்டி, பிராக்கெட் போன்ற சிறு உருப்படிகளுக்குக் கிரைண்டர் தேவையே இல்லை. சர்க்கரை ஆலையில் கிடைக்கும் மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பிளாஸ்டிக் பீப்பாயில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துரு கழன்று சாம்பல் நிற இரும்பு கிடைக்கும். நாற்றம் தாங்காது, வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். கார்புரேட்டரையும் அலுமினியப் பொருளையும் அதில் போட்டால் அவையே கரைந்துவிடும். அவசரம் என்றால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை உருப்படிக்கும், பாசிட்டிவை ஒரு கழிவு இரும்புக்கும் கொடுத்து எடுக்கலாம். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், எழும்புவது ஹைட்ரஜன். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் துண்டு வைக்கவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். இந்த இரண்டுக்கும் கை எட்டாத இடத்தில், இறுகப் பிடித்திருக்கும் மெல்லிய துருவுக்கு, நான் கடுக்காய்த் தோலைக் கொதிக்கவைத்த சாறு பூசுகிறேன். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்தில் மை செய்தது அப்படித்தான். கவாத்துக் கத்தியைத் தேயிலைச் செடி கறுப்பாக்குவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. கறுத்த இடம் அப்படியே கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும், அதற்குள் பிரைமர் பூசிவிட வேண்டும்.

பிரைமர் என்றதும் அந்த மூன்று சிவப்பு ஜீப்புகளுக்கு வருகிறேன். ரெட் ஆக்சைடு பூசிவிட்டால் வண்டி பத்திரம் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். சாதாரண ரெட் ஆக்சைடு பஞ்சுபோல, ஈரத்தை உள்ளே விடும். மேல் பூச்சு இல்லாமல் வாரக்கணக்கில் பனியில் நிற்க விட்டால் சிவப்புக்கு அடியில் சிவப்பாகத் துருவும் வளரும், இரண்டும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்கும் தெரியாது. உங்கள் வண்டி அப்படி நிற்கிறதென்றால், வருத்தமாகத்தான் இருக்கும், அதைச் சுரண்டிவிட்டு எபாக்சி பிரைமருக்குப் போங்கள். தேய்த்துப் பளிச்சென்று எடுத்த இரும்பு இந்த ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. காலையில் தேய்த்ததைச் சாயங்காலத்துக்குள் பூசிவிடுங்கள். ஒரே நாளில் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டும் தேயுங்கள்.

பூசுகிற நேரம் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். விடியற்காலைத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்ததுபோல் தெரிந்தாலும் சில்லென்று இருக்கும். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு மூன்று டிகிரியாவது கூடுதலாகச் சூடாக இருந்தால்தான் பூச்சு இரும்பைப் பிடிக்கும். இல்லையென்றால் நீங்கள் பூசுவது கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலத்தின் மேல். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும், காற்றில் உள்ள ஈரம் வந்து படிந்து பெயின்ட் பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரை மணிக்கொரு முறை திறந்துவிடுங்கள். மாசி, பங்குனி இரண்டு மாதத்தையும் பெயின்ட்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். அதற்குள் முடியாவிட்டால் எபாக்சி பிரைமரோடு நிறுத்தி, கொட்டகைக்குள் தள்ளி, அடுத்த தைக்குக் காத்திருங்கள். நான் ஆனியில் அடித்த கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

இன்ஜின் இறுகிப்போயிருந்தால் ஹேண்டிலைப் போட்டுத் தொங்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, ஒரு வாரம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். போல்ட்டு வரவில்லையென்றால் சூடு காட்டி, சூட்டிலேயே மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், உருகி மரைக்குள் இறங்கும். இன்ஜின் வேலைக்கு நம் ஊரில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை நான் நீட்டவில்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும், இறக்கத்தில் டிரம் சூடேறும்போது ஆவியாகி, மிதித்த பெடல் பஞ்சாய் இறங்கும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு சிலிண்டர் ஒழுகினால் மொத்தமும் போச்சு. கழித்துப்போட்ட வண்டியின் சிலிண்டர், ஹோஸ், பைப் எதையும் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள். ஆயிலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெயின்ட்டுக்குப் பணம் இல்லையென்றால் வண்டி பழைய நிறத்திலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் தண்ணீர் உள்ளே வரும். கூரைப் படுதா போட்ட வண்டி, கதவு கிடையாது, சாரல் நாலா பக்கமும் அடிக்கும். வருகிற தண்ணீரைத் தடுக்க நினைத்து என் இளமையில் ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தேன். தரையின் தாழ்ந்த மூலைகளிலும், வலுத்தகடுகளின் அடியிலும், இருக்கைப் பெட்டியின் மூலையிலும் வண்டியோடு வந்த துளைகள் உண்டு. அவை துருப்பிடித்து விழுந்தவை அல்ல, தண்ணீர் வடிவதற்கென்று விட்டவை. சேறும் பெயின்ட்டும் அடைத்த துளைகளைத் தேடித் திறந்துவிடுங்கள். நீங்கள் போட்ட ஒட்டுத் தகட்டிலும் அதே இடத்தில் துளை விடுங்கள். தரைமேல் கோணிச் சாக்கையும் ரப்பர் மேட்டையும் விரித்து வைக்காதீர்கள், கால் வழுக்காமலிருக்க விரித்தாலும் நிறுத்தியதும் எடுத்து வெளியே உதறிப் போடுங்கள்.

மூடிய இடங்களுக்குள், உள்ளறைகளில் பூசுவதற்கென்று வரும் மெழுகை வளையும் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள். ஆண்டுதோறும் வைகாசியில், மழைக்கு முன். நம் அப்பாக்கள் காலத்தில் வண்டிக்கடியில் கழிவு இன்ஜின் ஆயிலைத்தான் அடித்தார்கள். துருவைத் தள்ளிப்போட்டது உண்மைதான். ஆனால் அது ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் உப்பிப்போக வைக்கிறது, தோலுக்கும் கேடு. மழைக்கு அது எங்கே போகிறது என்று பாருங்கள். ரோட்டோரக் கால்வாய், அங்கிருந்து சோலைக்குள் போகும் ஓடை, அங்கிருந்து ஆறு. அந்த ஓடையில்தான் நாம் குளித்தோம். வேண்டாம்.

அந்த நீலத் தார்ப்பாயை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள் அடைபட்டு, ராத்திரி குளிரில் தண்ணீராகி, ஒவ்வொரு நாளும் வண்டியை உள்ளிருந்து நனைக்கிறது. நான்கு கழியும் மேலே நாலு தகரமும் போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். காற்று போய்வர வேண்டும். புல் தரையில் நிறுத்தாமல் ஜல்லி கொட்டி நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது சைலன்சருக்குள் தண்ணீர் ஊற்றி வைப்பதற்குச் சமம்.

சித்திரையில் கோடை மழை வரும். முதல் மழை நின்ற மறுநாள் காலையில் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். எந்தெந்தத் துளையில் தண்ணீர் சொட்டுகிறது, எதில் சொட்டவில்லை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டாத துளைகளின் பட்டியலோடு பட்டறைக்கு வாருங்கள், வண்டியைக் கொண்டுவர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
ஒரு ஜீப் டிரைவரின் மகன்
வால்பாறை